வழிப்பறிக்காரன் யார் வீட்டுப் பிள்ளை?

கரியாலூரில் லட்சுமியின் டீக்கடைத் தகரக் கூரையை மழை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. படகு சவாரிக்கு வரும் சுற்றுலாக் கூட்டம் அன்று இல்லை. பஜ்ஜிச் சட்டி ஆறிக் கிடந்தது. பலகை மேசையில் சர்க்கரை சிந்திய இடத்தில் எறும்புகள். ஜெசிந்தா எறும்புகளை ஊதித் தள்ளி, ஒரு துண்டை விரித்து, அதன்மேல் பகடைகளைக் கொட்டினாள்.

நாலு முகம், ஆறு முகம், எட்டு முகம், இருபது முகம். ஒன்று பச்சைப் பாசி மணி மாதிரி. ஒன்று மாதுளை முத்து மாதிரி.

லட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மிட்டாயா?"

"உருட்டறதுக்கு, அக்கா. தாயக்கட்ட மாதிரி."

"நாங்க புளியங்கொட்டைல ஆடுவோம்" என்றபடி லட்சுமி இருபது முகக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். "ஒரு கல்லுக்கு இத்தினி மூஞ்சி எதுக்கு?"

நல்ல கேள்விதான். நானும் அதே கேள்வியோடுதான் இளமையைக் கழித்தேன்.

மேசையின் அந்தக் கோடியில் சென்னையிலிருந்து வந்த பிரதாப் ஈரச் சட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசை விளையாட்டுகளை அச்சடித்து, பெட்டி கட்டி, கண்காட்சிகளில் விற்பவர். காலையில் சின்னசேலம் ஸ்டேஷனில் ரயிலிறங்கிய அவரை நானும் ஜெசிந்தாவும் மலைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தோம். ஜெசிந்தா பல வருடமாக எழுதி, கிழித்து, மறுபடி எழுதிய ஆட்டத்தை அவர் அச்சடிப்பாரா மாட்டாரா என்பது அந்தப் பகலில் தெரிந்துவிடும்.

ஜெசிந்தா பகடைகளை வரிசையாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினாள்.  

படைக்குள்ளிருந்து ஒரு ஆள்

போன வாரம் இதே பத்தியில், விற்காத என் கவிதைப் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் கரையானோடு குடித்தனம் நடத்திய கதையைச் சொன்னேன். எழுதியது விற்றே தீர வேண்டும் என்று யாரும் கேட்காத ஒரு ஆனந்தம் உண்டு. அதை நான் நன்றாகவே அனுபவித்திருக்கிறேன். ஆனால் பெட்டியில் போட்டு விற்கிற ஆட்டத்தின் கதை வேறு. அதற்குக் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வர வேண்டும்.

முதலில் அது போர்தான். ஐரோப்பாவில் படை அதிகாரிகள் மேசைமேல் நிலப்படம் விரித்து, கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டிப் போர் பழகினார்கள். பிறகு வேலைவெட்டி முடித்து வந்த சாதாரண ஆட்கள் ஈயப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து அதையே பொழுதுபோக்காக ஆடினார்கள். ஒரு கை அசைவில் நூறு பொம்மை சாயும். யாருக்கும் பெயர் கிடையாது.

அப்புறம் அமெரிக்காவின் குளிர்ப் பக்கத்தில், ஏரியோரச் சிற்றூர் ஒன்றில், சில பேர் வீட்டுக்கு அடியிலிருந்த அறைகளில் கூடி ஆடிக்கொண்டிருந்தபோது ஒன்று நடந்தது. படையை விட்டுவிட்டு ஒரே ஒரு பொம்மையைக் கையில் எடுத்தார்கள். இவன் நான் என்றார்கள். அவனுக்குப் பெயர் வைத்தார்கள். அவன் கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

அந்த அறையின் வாசனையை நான் கற்பனை செய்துகொள்வேன். ஈரக் கம்பளி, பென்சில் தூள், வறுத்த உருளைக்கிழங்கு. ஒரு பெரியவர் வாயால் உண்டாக்கிய இருட்டுக்குள் இன்னொரு பெரியவர் நிஜமாகவே கையால் துழாவிக்கொண்டு போகிறார். எனக்கு இதைவிடக் கவிதையான காட்சி தெரியாது.

பெயர் பெற்ற கம்பெனிகள் இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று கேட்டதால் அவர்களே அச்சடித்து, வீட்டில் உட்கார்ந்தே பெட்டி கட்டினார்கள். பல முகப் பகடைகள் கணக்குப் பாடத்துக்காகப் பள்ளிக்கூடச் சாமான் விற்பவர்களிடம் இருந்தன, அங்கிருந்து வாங்கினார்கள். பிறகு ஆட்டம் பிய்த்துக்கொண்டு விற்றபோது பகடை தட்டுப்பாடு. பகடைக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் போட்டு, கிண்ணத்தில் குலுக்கி எடுங்கள் என்று அனுப்பினார்கள். ஒரு தொழில் இப்படித்தான் நடை பழகியது.

இன்னொரு வேடிக்கை, அந்த முதல் விதிப் புத்தகம் யாருக்குமே சரியாகப் புரியவில்லை. எழுதியவர்கள் நேரில் இருந்தால் ஆட்டம் ஓடும். வெறும் பெட்டியை வாங்கிப் போனவர்கள் ஊருக்கு ஊர் தங்களுக்குத் தோன்றியபடி ஆடினார்கள்.

சாவு இல்லாத ஜெராக்ஸ்

எனக்கு அந்த விதிப் புத்தகம் கல்லூரி விடுதியில் கிடைத்தது. ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். பக்கங்கள் நரைத்துப் போயிருந்தன. படங்களில் டிராகன் எது, பூதம் எது என்று தெரியாது. எல்லாமே ஒரு மை மேகம்.

அதில் நடுவில் சில தாள்கள் காணோம். காணாமல் போனது, நாம் வேடம் கட்டுகிற ஆள் ஆட்டத்தில் செத்தால் என்ன செய்வது என்று சொல்கிற பகுதி. ஆகவே எங்கள் விடுதியில் யாருமே சாகவில்லை. பள்ளத்தில் விழுந்தோம், நெருப்பில் வெந்தோம், பூதம் எங்களை மென்று துப்பியது. மறுநாள் மெஸ்ஸில் இட்லிக்கு நின்றுகொண்டே மிச்சக் கதையைத் தொடர்ந்தோம். ரொம்ப காலம் கழித்து முழுப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் உலகமெங்கும் ஆட்கள் இதில் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. வருத்தமாக இருந்தது.

இதற்குள் அந்தப் பக்கம் தொழில் மேலே ஏறி, குப்புற விழுந்து, மறுபடி எழுந்திருந்தது. புத்தகத்தில் பிசாசு இருக்கிறது என்று பெற்றோர்களும் பிரசங்கிகளும் கூச்சல் போட்ட காலம் ஒன்று; அதனாலேயே இன்னும் ஜாஸ்தி விற்றது. பெரிய கம்பெனி ஒன்று விற்காத சரக்குக்கு அடியில் திணறி, சீட்டு விளையாட்டுகள் விற்றுச் செழித்த வேறொரு கம்பெனியின் கைக்குப் போனது. பிறகு யார் வேண்டுமானாலும் எங்கள் விதிகளை எடுத்து ஆட்டம் செய்துகொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அப்புறம் இணையம். நாலு பேர் உட்கார்ந்து ஆடுவதைப் பல லட்சம் பேர் போனில் பார்க்கிற காலம் வந்தது.

அப்படித் தன் அலுவலக மதிய இடைவேளையில் போனில் பார்த்தவள்தான் ஜெசிந்தா. சின்னசேலத்தை ஒட்டிய கிராமம். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற கிறிஸ்தவக் குடும்பம். புது மாவட்டம் வந்தபோது கள்ளக்குறிச்சியில் அவளுக்கு அரசு வேலை. என் கவிதை ஒன்றைப் படித்துவிட்டு, "அண்ணே, நீங்க ஆத்தப் பத்தி நல்லா எழுதறீங்க. எனக்கு ஒரு ஆறு வேணும்" என்று வந்தவள். ஆளுக்கொரு வேடம் எடுத்து ஆடும் இந்த வகைக்கு வேட ஆட்டம் என்று அவள்தான் பெயர் வைத்தாள்.

பிசாசு பயம் அவள் வீட்டுக்கும் வந்து போனது. அவள் அம்மா இருபது முகக் கல்லைத் தொடாமலே தள்ளி நின்று, இதில் பேய் இருக்கிறதா என்று கேட்டாராம். இருக்குது, ஆனா நம்ம பக்கத்துப் பேய் என்று இவள் சொல்லியிருக்கிறாள். நம்ம பக்கம் என்றதும் அம்மாவுக்குப் பயம் விட்டுப்போய், அதற்கு எந்தப் புளியமரம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதே நாங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

துறையில் நின்ற கரடிமுத்து

ஜெசிந்தாவின் ஆட்டத்தில் மூன்று பேர் கடுக்காயும் தேனும் சுமந்து மலையைத் தாண்ட வேண்டும். வழியில் ஆறு. ஆற்றுத் துறையில் கொடுவாளோடு கரடிமுத்து என்கிற வழிப்பறிக்காரன். அவனோடு சண்டை. விதிப் புத்தகத்தில் பாதி அந்தச் சண்டைதான்: யார் முதலில் வீசுவது, எந்தப் பகடை, எவ்வளவு காயம். அமெரிக்காவில் பொம்மைச் சிப்பாய்கள் விட்டுப்போன சீதனம் அது. உலகத்தில் பாதி வேட ஆட்டங்கள் இன்னும் அந்தச் சீதனத்தில்தான் சாப்பிடுகின்றன.

ஆட மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் லட்சுமி. அவருடைய கொழுந்தனார் கோவிந்தன், ஜீப் ஓட்டுபவர். பக்கத்தில் சாமையும் தினையும் போடுகிற தங்கம். தங்கம் தன் வேடத்துக்கு மல்லி என்று பெயர் வைத்தாள். மற்ற இருவரும் நம்ம பேருக்கு என்ன குறைச்சல் என்று சொந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

வேடத் தாளில் பலம், வேகம், அறிவு என்று கட்டங்கள் இருந்தன. அவர்கள் அவற்றை அவசரமாக நிரப்பிவிட்டு, ஓரத்து வெள்ளை இடத்தில் வேறொன்றைப் பேசிப் பேசி எழுதினார்கள். மல்லியின் அம்மா பிறந்தது எந்த வீடு, கோவிந்தன் பெண் எடுத்தது எந்த ஊர், லட்சுமிக்கு யார் பங்காளி. அதற்கு ஆட்டத்தில் வேலை இல்லை என்று ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள். "இருக்கட்டும்மா, இது தெரியாம எப்பிடி கூட நடக்கறது?" என்றார் லட்சுமி.

கதை சொல்லி நடத்துவது ஜெசிந்தா; நான் எழுதிய ஆற்று வர்ணனையை வாசித்தாள். நீரின் நிறம், நீரின் நினைவு, நீரின் நாக்கு. மூன்றாவது பத்தியில் கோவிந்தன் எழுந்து போய்த் தனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

கடைசியில் கரடிமுத்து கொடுவாளைத் தூக்கினான். ஜெசிந்தா பகடையை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

"வழிய மறிச்சிகினு நிக்கறான். இன்னா பண்றீங்க?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பகடையை யாரும் தொடவில்லை.

"ஏம்பா" என்றார் லட்சுமி, ஜெசிந்தாவின் முகத்தைக் கரடிமுத்துவின் முகமாக எடுத்துக்கொண்டு. "நீ எந்த ஊரு?"

புத்தகத்தில் அவனுக்கு உயரம் இருந்தது, காயம் தாங்கும் அளவு இருந்தது. ஊர் இல்லை. ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் ஆற்றோடு நிறுத்திக்கொண்டவன். அவளே சமாளித்து வெள்ளிமலைப் பக்கம் என்றாள்.

"வெள்ளிமலைல யாரு வூடு?"

"பெருமாள் வூடு."

"எந்தப் பெருமாளு?" கோவிந்தன் டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு பெருமாளு கீறாங்க. பலா மரத்து வூடா, கோயிலாண்ட வூடா?"

"பலா மரம்" என்றாள் ஜெசிந்தா.

தங்கம் தன் தாளின் ஓரத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மல்லியின் அம்மா பிறந்தது பலா மரத்து வீடு என்று அவர்கள் கால் மணி நேரம் முன்பே முடிவு செய்திருந்தார்கள். அப்படியென்றால் பெருமாள் மல்லிக்குத் தாய்மாமன். கொடுவாளோடு நிற்பவன் மாமன் மகன். கட்டிக்கிற முறை.

முறை தெரிந்த பிறகு

மேசை கலகலத்துவிட்டது. கட்டிக்கப் போறவனைப் போய் வெட்டச் சொல்கிறாயே என்று கோவிந்தன் ஜெசிந்தாவைக் கடிந்துகொண்டார். லட்சுமி கரடிமுத்துவைப் பிடித்துக்கொண்டார். உங்க அப்பன் காலு ஒடிஞ்சி கெடந்தப்ப கேவுரு மூட்டை கொண்டாந்து போட்டது யாரு, நாங்கதானே, இந்த வழியாத்தானே வந்தோம், எங்களையா மறிக்கிற என்று ஒரு பிடி பிடித்தார். அப்படி ஒரு கால் ஒடிந்தது அந்த நொடி வரை யாருக்கும் தெரியாது. கரடிமுத்துவாக உட்கார்ந்திருந்த ஜெசிந்தா நிஜமாகவே தலையைக் குனிந்தாள்.

ஆனால் அவள் கண் பிரதாப் பக்கம் போய்ப் போய் வந்தது. அவர் போனில் மணி பார்த்தார். பாதிப் புத்தகம் திறக்கப்படாமல் கிடந்தது. ஒரு பகடைகூட உருளவில்லை. ஜெசிந்தா கடைசியாக ஒரு தடவை முயன்றாள். அவன் அதெல்லாம் காதில் வாங்கவில்லை, வெட்ட வருகிறான் என்றாள்.

லட்சுமி அவளை அன்பாகப் பார்த்தார். "மொறை தெரிஞ்சப்பறம் எவன்மா வெட்டுவான்? அப்பிடி ஒருத்தன் இந்த மலைலயே இல்ல. நீ கதைய மாத்து."

ஜெசிந்தா அப்போது செய்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். சண்டைப் பக்கங்களைக் கொத்தாகப் பிடித்து, திருப்பி, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் செருகினாள். இருபது முகக் கல்லைக் கோவிந்தனிடம் நீட்டினாள்.

"சரி மாமா, மல்லிக்கு மொறை தெரிஞ்சிபோச்சி. உங்களுக்கும் அவனுக்கும் இன்னா மொறைன்னு உருட்டுங்க. பத்துக்கு மேல வுழுந்தா சொந்தம், எப்பிடின்னு நீங்க சொல்லணும். கீழ வுழுந்தா ரெண்டு வூட்டுக்கும் பழைய சண்ட. இன்னா சண்டன்னு நான் சொல்லுவேன்."

கோவிந்தன் கல்லைக் கையில் குலுக்கி ஊதினார். விழுந்தது மூன்று.

ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. உங்க வீட்டுக் கல்யாணத்தில் எங்க ஆளுங்க பந்திக்குப் பாயசம் வரலை என்றாள்.

எனக்குத் தெரிந்து உலகத்தின் எந்த விதிப் புத்தகத்திலும் அவ்வளவு ஆழமான காயத்துக்குப் பகடை கிடையாது. கோவிந்தன் எழுந்தே நின்றுவிட்டார். பாயசம் வந்தது, இலையை மூடிட்டு எழுந்து போனது உங்க ஆளுங்க என்றார். லட்சுமி சமாதானத்துக்கு உருட்டினார், பதினேழு. கரடிமுத்துவின் சின்னம்மா வழியில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்து, அதை எங்கெங்கோ இழுத்து முடிச்சுப் போட்டார். தங்கம் உருட்ட மாட்டேன் என்று வெட்கப்பட்டு, பிறகு யாரும் கேட்காமலே உருட்டினாள். பைக்கில் வந்து மழைக்கு ஒதுங்கிய இருவர் டீயை மறந்து நின்றார்கள். அதில் ஒருவர் பாயசக் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

பிரதாப் எப்போது நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கி வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. லட்சுமிதான் திரும்பிப் பார்த்து, நீங்க யாரு வூடு என்று கேட்டார். தன் தாத்தா எந்த ஊரிலிருந்து சென்னைக்கு வந்தார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதனால் என்ன, உருட்டுங்க என்று கல்லைக் கையில் வைத்தார்கள். பதினொன்று. பைக்கில் வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் கரடிமுத்துவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஆனார்.

பெட்டிக்குள் யார் வருவார்?

கீழே இறங்கும் பஸ்ஸுக்காக நின்றபோது பிரதாப் நேரடியாகப் பேசினார். தான் இவ்வளவு சிரித்து ரொம்ப நாளாகிறது என்றார். ஆனால் அச்சடிக்கத் தைரியமில்லை என்றார்.

"ஆட்டம் நல்லா இருக்கா, நீங்க நல்லா நடத்தினீங்களானு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை. வாங்கறவங்க வீட்டுக்குப் பெட்டி மட்டும்தான் போகும். பெட்டிக்குள்ள ஜெசிந்தா வருவாங்களா?"

பழைய ஏரியோர ஊர்க்காரர்களை மாட்டிவைத்த அதே கேள்வி. நீங்கள் இல்லாமல் யாராவது ஒரு முறை ஆடி முடிக்கட்டும், உடனே அச்சுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

ஜெசிந்தா திரும்பி நடந்து லட்சுமி கடைக்குப் போனாள். நான் அங்கேயே நின்றேன். அவள் திரும்பி வந்தபோது கையில் பை மட்டும் இருந்தது. பகடைகள், தாள்கள், புதிய விதியைக் கிறுக்கிய ஒரே ஒரு பக்கம், எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். தானில்லாமல் அந்தப் பகடைகளை அவள் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த பஸ்ஸில் மலை இறங்கும்வரை ஜன்னலோரம் காலிப் பையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். மழை நின்று, கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் மண்டியிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். "அண்ணே, கொஞ்ச நேரம் சும்மா வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிறு மறுபடி ஆடலாம் என்று பேச்சு, ஆனால் அன்று அவளுக்குச் சிறப்பு முகாம் பணி. மலைக்குப் போக முடியாது. லட்சுமிக்குப் போன் செய்து சொன்னாள். அதற்கு அவர், ஓகோ என்று மட்டும் சொன்னாராம். அந்த ஓகோவுக்கு என்ன பொருள் என்று வாரம் முழுக்க என்னைக் கேட்டுப் பிராணனை வாங்கினாள்.

ஞாயிறு சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இருவரும் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தோம். சேலம், சேலம் என்று கத்துகிற நடத்துநர்களுக்கு நடுவே அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். நாலைந்து பேர் சேர்ந்து பேசினார்கள். யாரோ சண்டை போட்டார்கள், யாரோ சிரித்தார்கள், ஏதோ ஒன்று மேசையில் உருண்டது.

"அம்மா, ஜெசிந்தா" லட்சுமி கத்திப் பேசினார். "நீ வரலன்னு சொன்னாலும் வருவ வருவன்னு பாத்தோம். தங்கந்தான் கதை சொன்னா. பொண்ணு பாத்து, பூ வெச்சி, கரடிமுத்துக்கும் மல்லிக்கும் கல்யாணமே முடிஞ்சிபோச்சி."

ஜெசிந்தா டம்ளரை என் கையில் திணித்தாள். அவளுக்குக் கண் கலங்கி, மூக்கு சிவந்து, வாய் மட்டும் அகலமாகச் சிரித்தது. பிரதாப் கேட்டது நடந்துவிட்டது. அவள் இல்லாமல், அவள் ஆட்டம் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும். நன்றி சொல்வாள், பகடை எப்படி விழுந்தது என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஏங்க்கா" என்றாள். "சாப்பாடு பத்துச்சா?"

"எங்க பத்துச்சி?" என்றார் லட்சுமி. "தங்கம் உருட்டனதுல ரெண்டு வுழுந்துச்சி. கோவிந்தன் ஆளுங்க எலைல சோறு இல்ல. அதான் இப்ப அடிச்சிகினு கீறாங்க. இரு, நான் போயி இன்னான்னு பாக்கறேன்."